அண்ணத்தை விரிக்கும் சாவி

பத்து வயதுப் பிள்ளை கட்டிலில் மல்லாந்து படுத்து வாயை அகலத் திறந்திருக்கிறது. அம்மா ஒரு கையில் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் இருக்கும் மெல்லிய கம்பியை மேல்வாயின் நடுவே பொருத்தியிருக்கும் சின்ன எஃகுத் திருகின் துளையில் நுழைக்கிறார். கம்பியின் மறுமுனையில் நூல் கட்டியிருக்கிறது. கை தவறினால் பிள்ளை அதை விழுங்கிவிடக் கூடாதே என்றுதான். முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாக மெதுவாக ஒரு தள்ளு. அடுத்த துளை கண்ணில் பட்டதும் நிறுத்த வேண்டும். கால் சுற்று முடிந்தது. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. தள்ளியவுடன் மூக்குத்தண்டில் ஏதோ இறுக்குகிறது என்று பிள்ளை முகம் சுளிக்கும். சில நிமிடங்களில் அது அடங்கிவிடும்.

ஒரு வாரம் போனதும் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து விழுகிறது. நாளுக்கு நாள் அது அகலமாகிறது. பல் வரிசையாக வரட்டும் என்று கிளிப் போடக் கூட்டிப்போனோம், இருந்த வரிசையும் போச்சே என்று பதறிப்போய் மருத்துவருக்குப் போன் போடும் பெற்றோர் ஏராளம். அந்தப் பதற்றத்துக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. கருவியைக் கட்டியிருப்பது கடைவாய்ப் பற்களில். முன்பற்களில் கம்பியும் இல்லை, வளையமும் இல்லை. தொடாத பல் எப்படி விலகியது?

பல் விலகவில்லை. அது ஊன்றியிருக்கும் எலும்பு விலகியிருக்கிறது.

மேல்தாடை என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது வலது ஒன்று, இடது ஒன்று என இரண்டு எலும்புகள். நாக்கு நுனியால் முன்பற்களுக்குப் பின்னாலிருந்து நேர்கோடாகத் தடவிக்கொண்டே போனால், நடுவில் ஒரு மெல்லிய மேடு தட்டுப்படும். அந்தக் கோட்டில்தான் இரண்டும் சந்திக்கின்றன. பிள்ளைப் பருவத்தில் அங்கே எலும்போடு எலும்பு ஒட்டியிருப்பதில்லை. இடையில் நார்த்திசு ஒன்று இரண்டையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இப்படிப்பட்ட இணைப்பைப் பொருத்து என்பார்கள். இது நடு அண்ணப் பொருத்து. வலது முன்பல் வலது எலும்பிலும் இடது முன்பல் இடது எலும்பிலும் நிற்பதால், பொருத்து திறந்தால் இரண்டு பற்களும் தத்தம் எலும்போடு சேர்ந்து விலகிப்போகின்றன. பெற்றோரைக் கலங்கவைக்கும் அந்தச் சந்துதான், சிகிச்சை பலிக்கிறது என்பதற்கு மருத்துவர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அடையாளம். திருகு திறந்த தூரத்தில் ஏறத்தாழப் பாதி அளவு அங்கே இடைவெளி விழும்.

இதையெல்லாம் செய்யவேண்டிய தேவை எப்போது வருகிறது? மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையைச் சற்று வெளியே தழுவி மூடவேண்டும். மேல்தாடை குறுகிப்போனால் பக்கப் பற்கள் தலைகீழாகக் கடிக்கும். மேல்பல் உள்ளே, கீழ்ப்பல் வெளியே. குறுக்குக் கடி என்பது இதுதான். பல பிள்ளைகளுக்கு இது ஒரு பக்கம் மட்டும் இருப்பதுபோலத் தெரியும். உற்றுப் பார்த்தால், இரண்டு பக்கமும் குறுகிய தாடையில் கடி பொருந்தாமல், பிள்ளை தன் கீழ்த்தாடையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கடிக்கப் பழகியிருக்கும். வளரும் வயதில் அப்படியே விட்டால் முகமும் கோணலாக வளரக்கூடும். அகலப்படுத்துவதற்கு இதுதான் வலுவான காரணம்.

பொருத்து இயல்பாகவே அகலத்தைக் கொடுக்கும் இடம் என்பதை நாம் அறிந்த விதம் சுவையானது. கோபன்ஹேகனில் ஆர்னே பியோர்க் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் 1950களில் பிள்ளைகளின் தாடை எலும்புக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே உள்ள டாண்டலம் உலோக ஊசிகளைப் பதித்தார். எலும்பு தன் மேற்பரப்பில் ஓயாமல் கரைந்தும் படிந்தும் வடிவம் மாறுவதால், வெளிவரையை வைத்து அளந்தால் எது நகர்ந்தது என்று தெரியாது. உள்ளே பதிந்த ஊசி நகராது. ஆண்டுக்கொருமுறை எடுத்த எக்ஸ்ரேக்களை ஊசிக்கு ஊசி பொருத்திப் பார்த்தபோது, வலது ஊசியும் இடது ஊசியும் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போனது தெரிந்தது. இந்த இயற்கை வளர்ச்சி முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் அதிகம் என்பதையும் பியோர்க்கும் அவருடைய சகா ஸ்கியெலரும் 1970களில் காட்டினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம். திருகு செய்வது இதற்கு நேர் எதிர்.

திருகின் கதை பியோர்க்குக்கு நூறு ஆண்டு முந்தியது. 1860இல் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஆஞ்செல் என்ற பல் மருத்துவர், பதினான்கு வயது தாண்டிய ஒரு பெண்ணின் மேல்வாயில் குறுக்காக ஒரு திருகைப் பொருத்தினார். அது தளராமல் முடுக்கிக்கொண்டே இருக்கும்படி சாவியை அந்தப் பெண்ணிடமே கொடுத்தனுப்பினார். இரண்டு வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. மேல்தாடை எலும்புகள் பிரிந்துவிட்டன என்று அவர் எழுதினார். ‘டென்டல் காஸ்மாஸ்’ என்ற இதழ் அதை வெளியிட்டது. ஆனால் இதழின் ஆசிரியர் தரப்பிலிருந்தே ஐயம் கிளம்பியது. முகத்தின் இத்தனை எலும்புகளோடு பிணைந்து கிடக்கும் மேல்தாடையை ஒரு சிறு திருகு பிரிக்குமா? ஆஞ்செலிடம் காட்டுவதற்கு அந்த இடைவெளியைத் தவிர வேறு சான்று இல்லை. ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்க இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. சரியான முடிவுக்கு வந்தும் நிரூபிக்கக் கருவி இல்லாமல் நின்ற அந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பெரும் மரியாதை வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில் இந்த முறை ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1961இல் ஆண்ட்ரூ ஹாஸ் என்பவர், முதலில் பன்றிகளிலும் பிறகு பிள்ளைகளிலும் செய்து பார்த்து, எக்ஸ்ரே படங்களோடு கட்டுரை எழுதிய பிறகே அது திரும்பி வந்தது. ஹாஸின் கருவியில் அண்ணத்தின் மேல் படியும் அக்ரிலிக் தட்டு இருந்தது. அதற்கடியில் சோறு சிக்கிச் சதை புண்ணாகும். தட்டை நீக்கி வெறும் கம்பியும் திருகுமாக 1968இல் பீடர்மன் அமைத்த ஹைராக்ஸ் என்ற வடிவம்தான் இன்று பெரும்பாலும் பிள்ளைகளின் வாயில் இருப்பது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். திருகு தள்ளுவது எலும்பை அல்ல, பல்லை. பொருத்து திறக்கவேண்டும், ஆனால் பல் நகரக்கூடாது. இது எப்படி முடியும்?

மழைக்காலத்தில் உப்பி இறுகிப்போன இரட்டைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து இழுக்கிறோம். கதவு திறக்கலாம்; அல்லது கைப்பிடி ஆணியோடு பெயர்ந்து கையோடு வரலாம். அண்ணத்தை விரிக்கும் கருவிக்குப் பற்கள்தான் கைப்பிடி. கதவு எவ்வளவு இறுகியிருக்கிறது, கைப்பிடி எவ்வளவு உறுதி, இழுப்பது எப்படி என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. இந்தச் சிகிச்சையின் நன்மை தீமை எல்லாவற்றையும் இந்த ஒரு போட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

முதலில் கைப்பிடி. பல்வேர் தாடை எலும்பில் நேராகப் புதைந்திருப்பதில்லை. வேரைச் சுற்றி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ப்படலம் உண்டு. பற்சூழ் நார் என்று சொல்லலாம். வேரையும் குழியையும் பிணைக்கும் நார்களும், ரத்தக் குழாய்களும், எலும்பைக் கரைக்கவும் கட்டவும் கூடிய செல்களும் அதில் நிறைந்திருக்கின்றன. மென்மையாக, விடாமல் தள்ளினால் அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, மறுபக்கத்தில் படிகிறது. பல் மெல்ல இடம் மாறுகிறது. சாதாரணக் கிளிப் சிகிச்சை இந்த வழியில்தான் நடக்கிறது. சில பத்து கிராம் முதல் நூறு கிராம் வரையான விசை, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்வு.

அதே படலத்தை ஓங்கி அழுத்தினால் என்ன ஆகும்? பல் வேகமாக நகரும் என்று தோன்றும். நடப்பது வேறு. அழுத்தத்தில் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தம் வராத இடத்தில் செல்கள் மடிகின்றன. நுண்ணோக்கியில் அந்தப் பகுதி செல்களே இல்லாமல், கண்ணாடித் தன்மையோடு வெறிச்சென்று தெரியும். எலும்பைக் கரைக்க ஆள் இல்லாததால் பல் நின்ற இடத்தில் நின்றுவிடுகிறது. பக்கத்து உயிர்ப்பான திசுவிலிருந்து செல்கள் வந்து அந்த இடத்தைத் துப்புரவாக்கப் பல நாட்கள், சில வாரங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் திருகு தொடர்ந்து தள்ளினால், விசை பல்லைத் தாண்டி எலும்புக்கும் பொருத்துக்கும் போய்ச் சேருகிறது.

நாளுக்கு இரண்டு கால் சுற்று என்ற வேகத்துக்கு இதுதான் காரணம். ஒரு கால் சுற்றுக்கு 0.25 மில்லிமீட்டர், ஆக நாளுக்கு அரை மில்லிமீட்டர். பல் ஒரு மாதத்தில் போகும் தூரத்தைத் திருகு இரண்டே நாளில் கடக்கிறது. 1964இல் ஐசக்சனும் அவருடைய சகாக்களும் இந்தக் கருவிக்குள்ளேயே விசையளவியைப் பொருத்தி, சிகிச்சை பெறும் பிள்ளைகளின் வாயில் அளந்தார்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒன்றரை முதல் நாலரை கிலோ வரை விசை எழுந்தது. அது முழுதும் அடங்குவதற்குள் அடுத்த திருப்பல் வந்துவிடுவதால், விசை சேர்ந்துகொண்டே போய் ஒன்பது கிலோவையும் தாண்டியது. திருப்புவதை நிறுத்திய பிறகு அந்த விசை மறைய ஐந்து முதல் ஏழு வாரங்கள் பிடித்தன. கருவியைக் கையோடு கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த அளவீட்டிலேயே பதில் இருக்கிறது.

இனிக் கதவு. அது முழுக்க ஒரே சீராகத் திறப்பதில்லை. மேல்தாடை எலும்பு தனித்த துண்டு அல்ல. மேலே மூக்கெலும்பும் நெற்றியெலும்பும், பக்கத்தில் கன்னத்தெலும்பும், பின்னால் மண்டையோட்டின் அடித்தளத்திலிருந்து இறங்கும் இரண்டு தடித்த எலும்புத் தகடுகளும் அதைப் பிடித்திருக்கின்றன. இவற்றில் பின்பக்கப் பிடிதான் மிகவும் வலுவானது. அதனால் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் பொருத்து முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும், ஆப்பு வடிவில் திறக்கிறது. பின்னால் அதிகம் அகலும் இயற்கை வளர்ச்சிக்கு நேர்மாறு. நேருக்கு நேர் முகத்தைப் பார்த்தால், வாய்ப்பக்கம் மிகுதியாகவும் மூக்கை நோக்கி மேலே போகப் போகக் குறைவாகவும் விரிவது தெரியும். இரண்டு பாதி எலும்புகளும் மேலே எங்கோ ஒரு புள்ளியைச் சுற்றி வெளிப்புறமாகச் சாய்கின்றன. பிள்ளை மூக்குத்தண்டிலும் கண்ணுக்குக் கீழேயும் உணரும் இறுக்கம், தொலைவிலுள்ள அந்தப் பொருத்துகளும் இழுபடுவதன் அடையாளம்.

அண்ணத்தின் மேல்புறம்தான் மூக்கின் தரை. ஆகவே மூக்குக் குழியும் அடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், சிலருக்கு அதற்கும் மேல், அகலமாகிறது. மூச்சு எளிதாகிறது என்று சில பிள்ளைகள் சொல்வதற்கு அடிப்படை உண்டு. ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுகிறது. அடினாய்டு வீங்கியோ ஒவ்வாமையாலோ அடைத்திருக்கும் மூக்குக்கு அகலமான தரை மட்டும் போதாது.

கீழ்த்தாடைக்கும் பாதிப்பு வருகிறது. மேல்கடைவாய்ப் பற்கள் வெளிப்புறம் சாயும்போது அவற்றின் உட்புறக் கூர்கள் கீழே இறங்கி, கீழ்ப்பற்களில் முதலில் இடிக்கும். கீழ்த்தாடை சற்றே கீழாகவும் பின்னாகவும் சுழல, வாய் முழுதாக மூடாததுபோல் ஆகும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தற்காலிகம். ஏற்கெனவே முகம் நீண்டு, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத பிள்ளைகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

திறந்த பொருத்துக்குள் முதலில் நிறைவது ரத்தம். பிறகு நார்கள் நீண்டு, அவற்றின் ஓரங்களில் புதிய எலும்பு முளைத்து, நடுவை நோக்கி நிரம்பி வருகிறது. எக்ஸ்ரேயில் கறுப்பு ஆப்பாகத் தெரியும் இடம் மாதக்கணக்கில் சாம்பலாகி வெளுக்கும். அதுவரை, ஏறத்தாழ ஆறு மாதம், கருவியைக் கழற்றாமல் பூட்டி வைக்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் திருப்புவது முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் இந்தச் சங்கடம் என்று பிள்ளை கேட்டால், இதுவரை நடந்தது பிளவு மட்டுமே, எலும்பு வளர்வது இனிமேல்தான் என்று சொல்லுங்கள்.

முன்பற்களின் சந்தும் தானாகவே மூடுகிறது. பல்லுக்குப் பல் ஈறுக்குள் ஓடும் நார்கள் உண்டு. எலும்பு பிரிந்தபோது அவை இழுபட்டு விறைத்து நிற்கின்றன. அந்த இழுப்பில் முதலில் பல்லின் வெளிப்பகுதிகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. வேர்கள் அப்போதும் விரிந்தே இருக்கும். பின்னர் வேர்களும் நிமிர்ந்து பின்தொடரும். நான்கைந்து மாதத்தில், யாரும் கம்பி போடாமலேயே, பற்கள் பழையபடி சேர்ந்து நிற்கும். உடலின் இந்தச் சிறு செயல் ஒவ்வொரு முறையும் என்னை வியக்கவைக்கிறது.

இவ்வளவும் கதவு திறந்த கதை. கைப்பிடியின் கதை அத்தனை இனிமையானதல்ல, அதைப் பேசாமல் விடவும் கூடாது.

பத்து மில்லிமீட்டர் திருகினால் பத்து மில்லிமீட்டர் எலும்பு விரிவதில்லை. பல் சீரமைப்பு மாணவர்கள் உலகெங்கும் படிக்கும் வில்லியம் புரோஃபிட்டின் பாடநூல் இதை ஒரு கணக்காகச் சொல்கிறது. வேகமாக விரித்தால், முதல் இரண்டு வார முடிவில் பத்தில் எட்டு எலும்பின் விரிவு, இரண்டு மட்டுமே பல்லின் நகர்வு. பிரமாதம் என்று தோன்றும். ஆனால் அடுத்த சில மாதங்களில், பற்களைக் கருவி இறுகப் பிடித்திருக்கும்போதே, எலும்புகள் மெல்லப் பழைய இடத்தை நோக்கி நழுவுகின்றன. பல் அதே இடத்தில் நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகர்கிறது என்றால், பல் எலும்புக்குள் வெளிப்புறமாக நகர்ந்துவிட்டது என்று பொருள். நான்காம் மாதத்தில் கணக்கு ஐந்துக்கு ஐந்து ஆகிவிடுகிறது. இரண்டு நாளுக்கு ஒரு திருப்பல் என்று மெதுவாக விரித்தாலும் இறுதியில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அதே ஐந்துக்கு ஐந்துதான். வேகம் தரும் ஆதாயம் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பதால், சிறு பிள்ளைகளுக்கு மெதுவான வழியே போதும் என்ற வாதம் எனக்கு நியாயமாகப் படுகிறது.

பல்லின் பங்கான அந்த ஐந்து எங்கே போகிறது? கன்னத்தை நோக்கி. அந்தப் பக்கத்தில் பல்வேரை மூடியிருக்கும் எலும்பு மிக மெல்லியது. பல இடங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பிரேசிலில் டேனியலா கரீபும் அவருடைய குழுவும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக அளந்தது. 11 முதல் 14 வயதுக்குள் இருந்த எட்டுச் சிறுமிகள். விரிப்பதற்கு முன்பும் மூன்று மாத ஓய்வுக்குப் பின்பும் சிடி ஸ்கேன். கருவியைத் தாங்கிய பற்களின் வெளிப்புற எலும்பு 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை மெலிந்திருந்தது. உட்புறத்தில் 0.8 முதல் 1.3 மில்லிமீட்டர் வரை தடித்திருந்தது. எலும்புத் தகடு நின்ற இடத்தில் நிற்க, வேர் அதை ஊடுருவி வெளிப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து சொல்கின்றன. தொடக்கத்திலேயே எலும்பு மெலிந்திருந்த சிறுமிகளுக்கு, குறிப்பாக முன்கடைவாய்ப் பற்களில், எலும்பின் விளிம்பு பல மில்லிமீட்டர் மேலேறி வேர் எலும்பின்றி வெளிப்பட்டிருந்தது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பின்னால் வந்த ஸ்கேன் ஆய்வுகளும் மெலிவு நடப்பதை உறுதி செய்தன. ஓய்வுக் காலம் நீளும்போது ஓரளவு எலும்பு மீள்வதையும் கண்டன.

இதில் வஞ்சகமான விஷயம், வெளியே எதுவும் தெரியாது என்பதுதான். ஈறு இளஞ்சிவப்பாக, நலமாக வேரை மூடிக்கொண்டிருக்கும். உள்ளே எலும்பு இல்லாத இடத்தின் மேல் ஈறு மட்டும் நிற்கிறது. பத்தாண்டு, இருபதாண்டு கழித்து, முரட்டுத்தனமாகப் பல் துலக்குவதாலோ ஈறு நோயாலோ அது இறங்கத் தொடங்கினால் தாங்கிப்பிடிக்க அடியில் ஒன்றும் இருக்காது.

வேரும் தப்புவதில்லை. சீரமைப்புக்காக எப்படியும் பிடுங்கவேண்டியிருந்த முன்கடைவாய்ப் பற்களை, விரிக்கும் கருவியைத் தாங்கிய பிறகு எடுத்து, பார்பரும் சிம்ஸும் 1981இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கன்னப் பக்க வேர்ப்பரப்பில் குழி குழியாகத் தேய்வு. நசுங்கி மடிந்த படலத்தைத் துப்புரவாக்க வரும் செல்கள், பக்கத்திலிருக்கும் வேரையும் சேர்த்துக் கரைத்துவிடுகின்றன. அதே குழிகளில் பழுதுபார்ப்பும் நடந்துகொண்டிருந்தது. வேரை மூடும் சிமென்டம் என்ற படிவு புதிதாக நிரம்பத் தொடங்கியிருந்தது. சாதாரண எக்ஸ்ரே கன்னப் பக்கத்திலிருந்து எடுக்கப்படுவதால் இந்தக் குழிகள் வேரின் நிழலில் மறைந்துவிடும். வேரின் நீளம் குறையாதவரை பல்லின் ஆயுளுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் தேய்வே நடப்பதில்லை என்று சொல்வது சரியல்ல.

கதவு எளிதில் திறந்தால் கைப்பிடிக்கு வரும் சேதம் சிறிது. கதவு இறுகியிருந்தால் எல்லாம் கைப்பிடியின் தலையில் விழும். இறுக்கத்தைத் தீர்மானிப்பது வயது.

டென்மார்க்கின் பிர்ட்டே மெல்சன் 1975இல், பிறப்பு முதல் 18 வயதுக்குள் இறந்துபோன 60 பேரின் அண்ணத் திசுக்களை வெட்டிப் பார்த்து எழுதினார். சின்னஞ்சிறு வயதில் பொருத்து அகன்றும் நேராகவும் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் அது அலையலையாக வளைகிறது. பதின்ம வயதில் ஒரு பக்க எலும்பின் மேடுகள் மறுபக்கப் பள்ளங்களில் ஆழமாக நுழைந்து கோத்துக்கொள்கின்றன. இந்த நிலையில் பொருத்தைப் பிரிப்பதென்றால், கோத்திருக்கும் எலும்பை அங்கங்கே முறித்தே பிரிக்கவேண்டும். இரண்டாண்டு கழித்து ஸ்வீடனின் பெர்சனும் திலாண்டரும் 15 முதல் 35 வயது வரையானவர்களின் பொருத்துகளை ஆராய்ந்தபோது, 15 வயதுப் பெண் ஒருத்திக்கே எலும்பு ஒட்டத் தொடங்கியிருந்தது. 27 வயதுப் பெண் ஒருவருக்கோ சிறிதும் ஒட்டவில்லை. எந்த வயதில் கதவு மூடும் என்பதற்கு நாள் குறிக்க முடியாது என்பதை இந்த இரண்டு பெண்களும் காட்டுகிறார்கள்.

அதனால்தான் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் பிறந்த தேதியை நம்பாமல் பொருத்தையே பார்க்கவேண்டும். 2013இல் பெர்னாண்டா ஆஞ்செலியரியும் சகாக்களும் கூம்புக்கதிர் சிடி ஸ்கேனில் பொருத்து தோன்றும் விதத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலையில் நேர்கோடு, அடுத்து வளைகோடு, பிறகு இணையாக ஓடும் இரண்டு வளைகோடுகள். நான்காம் நிலையில் பின்பகுதியும் ஐந்தாம் நிலையில் முன்பகுதியும் ஒட்டிப்போய்க் கோடு மறைகிறது. முதல் மூன்று நிலைகளில் பல்லைப் பிடித்துத் தள்ளும் கருவி பலிக்க வாய்ப்புண்டு. கடைசி இரண்டில் கைப்பிடிதான் பெயரும். கதிர்வீச்சு இருப்பதால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்த ஸ்கேன் தேவையில்லை. அவர்களுக்குக் கதவு திறந்துகொடுக்கும் என்பது தெரிந்ததே.

ஒட்டிப்போனவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அறுவை சிகிச்சை மருத்துவர் எலும்பின் பிடிமானங்களை வெட்டித் தளர்த்திய பிறகு திருகை முடுக்குவது. இன்னொன்று, கைப்பிடியையே மாற்றுவது: அண்ணத்தின் எலும்பிலேயே நான்கு சிறு திருகாணிகளைப் பதித்து, விசையைப் பல்லுக்குப் பதில் எலும்புக்கு நேரடியாகக் கொடுப்பது. தென் கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகக் குழு 2010இல் 20 வயதான ஒருவருக்கு அறுவையில்லாமல் இப்படி விரித்ததை வெளியிட்டதிலிருந்து இது வேகமாகப் பரவியது. திருகாணி அண்ணத்தின் கீழ்ப்பரப்போடு நில்லாமல் மூக்குத் தரையின் கெட்டியான எலும்பையும் பிடித்தால் விரிவு இன்னும் சீராக, மேலே வரை போகிறது. என்றாலும் வயது கூடக் கூடத் தோல்வியும் கூடுகிறது. சில வடிவங்களில் கருவியின் கைகள் பற்களிலும் கட்டப்பட்டிருப்பதால் பல் முழுக்கத் தப்பிவிடுவதும் இல்லை.

வளர்ந்தவர்கள் பலர் இப்போது மூச்சுக்காக, தூக்கத்துக்காக, முகவெட்டுக்காக அண்ணத்தை விரித்துக்கொள்ள விரும்புகிறார்கள். 2023இல் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியும் கேஎஃப்எஃப் ஹெல்த் நியூஸும் சேர்ந்து, வளர்ந்தோரின் தாடையை அறுவையின்றி வளர்க்கும் என்று விற்கப்பட்ட ஒரு கருவியைப் பற்றிப் புலனாய்வுச் செய்தி வெளியிட்டன. பற்கள் எலும்புக்கு வெளியே தள்ளப்பட்டன, ஈறு இறங்கியது, பல் போனது என்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். எதிர்த்தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும், ஒட்டிப்போன எலும்புக்கு எதிரே பல்லை மட்டும் பிடித்துத் தள்ளினால் பல் எங்கே போகும் என்பதை மேலே பார்த்த ஆய்வுகள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. குறுகலே இல்லாத அண்ணத்தைத் தூக்கத்தில் மூச்சடைப்பு வராமல் தடுப்பதற்கென்று முன்கூட்டியே விரிப்பதை அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கமும் 2019இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஆதரிக்கவில்லை.

பிள்ளைக்கு விரிக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னால், குறுக்குக் கடியும் குறுகலும் உண்மையாகவே இருந்தால், தயங்காமல் சம்மதிக்கலாம். சிறிய வயதில் செய்வது எளிது, பல்லுக்கும் நல்லது. திருப்பத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியும் முன்பற்கள் விலகவில்லை, கடைவாயில் வலி மட்டும் ஏறுகிறது என்றால் சாவியைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள். இருபது வயதைத் தாண்டியவர்கள் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்: என் பொருத்து எந்த நிலையில் இருக்கிறது, என் கடைவாய்ப் பற்களின் வெளிப்புற எலும்பு எவ்வளவு கனம், இந்தக் கருவி எதைப் பிடித்துத் தள்ளப்போகிறது. முதல் இரண்டுக்கும் ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லாதவரிடம் மேல்தாடையை ஒப்படைக்க வேண்டாம்.